வெள்ளை கிட்டாரின் நெக்

பழைய பேஸ் கிட்டார் ஒன்றைக் கையில் கொடுத்து, இது எந்த வருடத்து உருப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் அதைக் குப்புறத் திருப்புவேன். பின்பக்கத்தில், நெக் என்கிற நீளமான கழுத்துப் பகுதி உடலோடு சேருகிற இடத்தில், ஒரு சிறிய உலோகத் தகடும் நாலு திருகுகளும் இருக்கும். கம்பிகளைத் தளர்த்திவிட்டு அந்த நாலையும் கழற்றினால் நெக் தனியே கையோடு வந்துவிடும். அதன் அடியில், வாங்கியவர் ஒருநாளும் பார்த்திராத இடத்தில், தொழிற்சாலையில் யாரோ பென்சிலால் எழுதிய குறியோ, குத்திய முத்திரையோ இருக்கும். உடலில் நெக் உட்காரும் குழியிலும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். நெக் ஒரு வருடம், உடல் இன்னொரு வருடம், ஒலியை வாங்கும் பிக்கப் எப்போதோ மாற்றியது, குமிழ்கள் எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் வாங்கியவை என்றிருக்கும். இதற்கு எந்த வருடத்தைச் சொல்வது? பத்திரிகை ஆபீஸில் மற்றவர்கள் எழுதிக் கொண்டுவந்ததில் ஊர், தேதி, வயது சரிதானா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்த வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் முழிக்கிறேன்.

என்னிடம் ஐந்து பேஸ் கிட்டார்கள் இருக்கின்றன. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், மாடி அறையில். ஒன்று கோவளத்து ஹோட்டலில் பேண்டு வாசித்தவர் விற்றது. இரண்டு, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பரணிலிருந்து வந்தவை. இந்த ஊரில் பழைய மேற்கத்திய வாத்தியம் கிடைக்கும் இடம் பரண்தான். அந்தக் காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள், தங்கம் கொண்டுவந்தார்கள், சிலர் தம்பிக்கு என்று ஜப்பானில் செய்த கிட்டார் கொண்டுவந்தார்கள். தம்பி இரண்டு மாதம் வாசித்திருப்பான். பிறகு அது பெட்டிக்குள் பூஞ்சை பூத்துக் கிடக்கும். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் மரம் ஈரத்தைக் குடித்து நெக் வளையும். கோடையில் திரும்ப நிமிரும், ஆனால் பழைய இடத்துக்கு வராது. ஈரம் ஏறாமலிருக்க, மழைக்காலம் முழுக்க என் அறையில் ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கும்.

இப்படி ஒரு பைத்தியம் இருப்பது தெரிந்து, பரணைச் சுத்தம் செய்பவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்து, இது இன்னது, இவ்வளவு பெறும், இதை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். அப்படித்தான் என் நண்பரின் மச்சினர் என்னைக் கூப்பிட்டார்.

நண்பர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், இருப்பது கரமனையில். இளமையில் கானமேளா குழுவில் பேஸ் வாசித்தவர். கோயில் உற்சவங்களில் விடிய விடியப் பாட்டுக் கச்சேரி நடக்குமே, அந்தக் குழுக்களில். அதன் பிறகு பாட்டுக்கூட்டமெல்லாம் குறைந்து, இப்போது அவருடைய சபையில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஆராதனையில் மட்டும் வாசிக்கிறார். இடது கை மோதிர விரல் சில வருடமாகவே மடங்க மறுக்கிறது. காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இது ஒண்ணுதான் ஓய் மிச்சம் இருக்கு, இதையும் விட்டா நான் வெறும் மாமனாராக்கும்," என்பார். அவருக்கு இரண்டு மருமகன்கள்.

மச்சினர், அவர் மனைவியின் தம்பி. அதே கானமேளாக் குழுவில் அவரும் பேஸ் வாசித்தார். ஒரு குழுவில் எதற்கு இரண்டு பேஸ் என்றால், முதல் பாதியில் மலையாளப் பாட்டுகளுக்கு அத்தான், இரண்டாம் பாதியில் தமிழ், ஹிந்திக்கு மச்சினர். ஒருவருடையதை மற்றவர் தொட மாட்டார்களாம். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் மூலமாக, ஒரே மாதிரி ஜப்பான் கிட்டார் வரவழைத்தார்கள். அத்தானுடையது கறுப்பு. மச்சினருடையது வெள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு மச்சினர் வளைகுடாவுக்குப் போனார். வெள்ளையைப் பெட்டியில் வைத்து அக்கா வீட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டுப் போனவர், நடுவில் லீவுக்கு வந்து போனதோடு சரி, முப்பது வருடத்துக்கு மேல் கழித்து இப்போதுதான் வேலையை விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அதுவும் தங்குவதற்கில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போகிறார். போவதற்கு முன் வெள்ளையை ஒரு நல்ல கையில் ஒப்படைக்க வேண்டும். பெங்களூரில் பழைய பேஸ் சேர்க்கிற ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு ஆர்வமாக இருக்கிறார். நெக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் குறிகளைக் காட்டினால் நேரில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"சார், அது அப்படியே ஒரிஜினலாக்கும்," என்றார் மச்சினர் போனில். "ஒரு ஸ்க்ரூ தொட்டதில்ல. நீங்க வந்து திறந்து காட்டினா போரும்."

கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்துக் கரமனையில் நண்பர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் பெட்ஷீட் விரித்து வெள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை என்று பெயரே தவிர, பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. நெக்கின் பின்புறத்து வார்னிஷ் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் திருப்பிப் போட்டு, கண்ணாடியை மாற்றிக்கொண்டு திருகுகளைப் பார்த்தேன். நாலின் தலையும் தேய்ந்திருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை திறந்தால் அப்படித் தேயாது.

"இதை நிறையத் தடவை கழற்றியிருக்கிறீர்கள்," என்றேன்.

"ஒருக்காலும் இல்ல," என்றார் மச்சினர்.

"நான் தொட்டதே இல்ல," என்றார் நண்பர். "அலமாரிக்கு மேல ஏத்துனதோட சரி. என்னைப் பார்க்காதியும்."

கழற்றினேன். உடலின் குழியில் பென்சிலால் 43 என்று எழுதியிருந்தது. நெக்கின் அடியில் 17. இரண்டு எண்களும் ஒரே கையெழுத்து. ஒன்றாகப் பொருத்தியவை என்றால் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும் என்றேன். பிறகு நண்பர் எழுந்து, உள் அறையிலிருந்து தன் கறுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவராகத்தான் கொண்டுவந்தார், நான் கேட்கவில்லை. அதன் பின்னாலும் தேய்ந்த திருகுகள். கழற்றினால், உடலில் 17, நெக்கில் 43.

மச்சினர் இரண்டு நெக்குகளையும் இரண்டு கைகளில் பிடித்து நிறுத்தி, ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தார். வெள்ளையில் இருந்தது புதிது போலவே இருந்தது. கறுப்பில் இருந்ததில் பின்புறத்து வார்னிஷ் முழுக்கத் தேய்ந்து மரம் வெளியே தெரிந்தது, உள்ளங்கை மாதிரி வழுவழுப்பாக. கம்பிக்குக் கீழே பதிந்திருக்கும் உலோகக் கட்டைகளில், விரல் அதிகம் விழும் இடங்களில் பள்ளம்.

"அப்போ அத்தான்," என்றார், "இவ்ளோ காலம் என் நெக்கையாக்கும் வாசிச்சிட்டு இருந்திருக்கிய."

"நீயும் என் நெக்கை அலமாரி மேல பூட்டி வச்சுட்டுப் போயிருக்க. அதுக்கு என்ன சொல்லுத?"

"எப்படி மாறிச்சு?"

நான் ஆபீஸில் கேட்பது போலக் கேட்டேன்: கடைசியாக இரண்டும் ஒரே இடத்தில் திறந்து கிடந்தது எப்போது, பக்கத்தில் யார் இருந்தார்கள். ஒருவர் நாகர்கோவில் என்றார். மற்றவர் நாகர்கோவிலுக்கே போகவில்லை என்றார். சமையலறையிலிருந்து நண்பரின் மனைவி டீயோடு வந்து, மேஜை மேல் நாலு துண்டாகக் கிடந்தவற்றைப் பார்த்தார்.

"ஆமா, திரும்பவும் பிரிச்சாச்சா?" என்றார்.

"திரும்பவுமா?" என்றேன்.

"பின்ன? மேளாவுக்குப் போவும்போ டெய்லி பிரிப்பாங்கல்லா அண்ணே. வண்டில இடமில்லன்னு ட்ரம் பெட்டிக்குள்ள சொருகுறதுக்கு. என் ரெண்டு நல்ல சேலை இந்தத் தடிக் கம்புக்குச் சுத்தியே நாசமாப் போச்சு. லேய், மறந்தாச்சா? சாயங்காலம் ஸ்டேஜுக்குப் பின்னால உக்காந்து, வாயில ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டு மாட்டுவியளே ரெண்டு பேரும்."

இருவர் முகத்திலும் அது திரும்பி வருவதைப் பார்த்தேன். முதலில் நண்பர் சிரித்தார். ஒரு முறை வேன் கூரையில் கட்டிய வேறொரு கிட்டாரின் தலை ஒடிந்துபோனதாகவும், அதன் பிறகு குழுத் தலைவர் வாத்தியம் எல்லாம் பெட்டிக்குள்தான் என்று சொல்லிவிட்டதாகவும், நெக்கோடு அது பெட்டிக்குள் போகாது என்றும் மாறி மாறிச் சொன்னார்கள். உடல்கள் மாறாது. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. நெக்குகள் ஒரே மாதிரி. சேலையைப் பிரித்துக் கைக்கு முதலில் வந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அடையாளம் வைக்கவே இல்லை.

"அப்படின்னா ஒரு தடவை மாறியதில்லை," என்றேன். "ஒவ்வொரு கச்சேரிக்கும் மாறியிருக்கலாம். அல்லது மாறாமலும் இருக்கலாம்."

"சீசன்ல மாசத்துக்கு எத்தனை மேளா," என்றார் மச்சினர். அவருக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "அப்போ நான் எதைத்தான் வாசிச்சேன்?"

நியாயமான கேள்வி. ஒருவர் வாத்தியத்தை மற்றவர் தொடக்கூடாது என்று வைத்திருந்தவர்கள், பாதிக்குப் பாதி தினமும் மாற்றி வாசித்திருக்கிறார்கள். கடைசிக் கச்சேரியில் எது எதில் மாட்டியதோ அது அப்படியே நின்றுவிட்டது. ஒன்று அலமாரி மேல் போனது, மற்றது முப்பது வருடம் ஒரே கையில் தேய்ந்தது.

அந்த எண்களின் அர்த்தமாவது உறுதியா என்று எனக்கு அன்று மாலையே சந்தேகம் வந்துவிட்டது. என்னை மாதிரி ஆட்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் படத்தைப் போட்டுக் கேட்டேன். ஜோடி சேர்க்கும் எண் என்று ஒருவர் சொன்னார். வார்னிஷ் அடித்த வரிசையின் எண், அதற்கும் ஜோடிக்கும் சம்பந்தமில்லை என்று இன்னொருவர். மூன்றாமவர், பென்சில் எழுத்து என்றாலே சந்தேகப்பட வேண்டும், பின்னால் யாரும் எழுதலாம் என்றார். பெங்களூர்க்காரருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. 43-இல் 43 இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். தேய்ந்த நெக் என்பது பற்றி அவருக்குக் குறை இல்லை. தேய்மானம் நேர்மையான தேய்மானம் என்றால் இந்தச் சேகரிப்பாளர்களுக்கு அது இன்னும் பிடிக்கும்.

ஆக, வெள்ளை போக வேண்டுமானால் நண்பர் வாசிக்கும் நெக் அதனோடு போக வேண்டும்.

மச்சினர் கேட்கவில்லை. அதை நான் எழுதியாக வேண்டும். மூன்று நாள் அந்தப் பேச்சையே எடுக்காமல், ஆஸ்திரேலியாவில் குளிர் எப்படி, பிரஷர் குக்கர் கொண்டுபோகலாமா என்று பேசிக்கொண்டிருந்தார். நண்பர்தான் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

"வாரும் ஓய். கல்யாணம் பண்ணி வச்சிட்டுப் போவும்."

"யோசித்தீர்களா?"

"அவனுக்குள்ளது அவனுக்கு. எனக்குள்ளது எனக்கு. இதுல யோசிக்க என்ன கெடக்கு?"

"விரல்?"

"விரல் எனக்குள்ளதுதானே, அது எங்கயும் போவாது."

நெக்குகளை எண்படி மாற்றி வைத்து, திருகுகளை அவரே மாட்டினார். நான் பிடித்துக்கொள்ள மட்டும் செய்தேன். பிறகு என் வால்வு ஆம்ப்ளிஃபையரில் மாட்டிக் கேட்பதற்காக இரண்டையும் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சூடாக ஐந்து நிமிடம் எடுக்கும், உறுமும், ஆனால் பொய் சொல்லாது என்று நான் நம்புகிற கருவி அது. கறுப்பு இப்போது இன்னும் ஆழமாகப் பேசுவது போல இருந்தது. அடி ஸ்வரங்கள் நீளமாக நின்றன. தன் ஜோடி தன்னோடு சேர்ந்ததால்தான் என்று தோன்றி, ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம்கூட வந்தது. மறுநாள் காலையில் வாசித்தால் நேற்று கேட்ட வித்தியாசத்தைக் காணோம். மழை பெய்திருந்தது. அதனாலா, கம்பியாலா, நேற்று எனக்கு அப்படிக் கேட்க வேண்டியிருந்ததாலா என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் பெட்டியில் வைத்து, வெள்ளையை மச்சினர் வீட்டுக்கும் கறுப்பை நண்பருக்கும் கொடுத்தனுப்பினேன்.

ஆனால் ஒன்று நிச்சயம். கறுப்பின் புது நெக் கையில் ஒட்டியது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் தடித்த வார்னிஷ் வியர்வையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை நகர விடாது. கட்டைகளும் தேயாமல் உயரமாக இருந்ததால் விரலை இன்னும் அழுத்த வேண்டியிருந்தது. எனக்கே அப்படி இருந்தது. மடங்காத மோதிர விரலுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அதைப் போனில் சொன்னதும் நண்பர், "பழகிரும்," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை அவர் சபைக்குப் போனேன். நான் அந்தச் சபை இல்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது பின் பெஞ்சில் உட்கார்ந்து அவர் வாசிப்பதைக் கேட்பேன். மச்சினர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெங்களூர்க்காரர் அடுத்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது.

நண்பருடைய வாசிப்பில் ஒரு இடம் உண்டு. காணிக்கை எடுக்கும்போது பாடும் பாட்டில், பல்லவி முடிந்து அடுத்த சரணம் தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் அவர் நாலு ஸ்வரம் கீழே இறங்குவார். படிக்கட்டில் வயதானவர் இறங்குவது போல, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். மூன்றாவதுக்கு மோதிர விரல் வேண்டும். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை, அவராகச் சேர்த்தது. கானமேளாவில் ஏதோ பாட்டுக்குப் போட்டதை இங்கே கொண்டுவந்துவிட்டதாக ஒருமுறை சொன்னார்.

அன்று அந்த இடம் வந்தது. முதல் ஸ்வரத்தைப் போட்டு, அதையே பிடித்துக்கொண்டு நின்றார். சரணம் தொடங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அந்த ஒன்றையும் சீக்கிரம் நிறுத்திவிட்டார். மச்சினர் என்னைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, பாட்டுக்குழுவை நடத்துகிற பெண் நண்பரிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இன்னிக்கு நல்ல கிளியரா இருந்துச்சு கேட்டியளா. குழப்பமே இல்ல. இனிமே இப்படியே வாசியுங்க."

"செரி மக்கா," என்றார் நண்பர்.

அந்தப் பெண் போன பிறகு, கறுப்பின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இத்தனை வருசமா நான் இவங்களுக்குக் குழப்பமாக்கும் வாசிச்சிட்டு இருந்திருக்கேன். நல்ல காலம், இப்பமாவது சொன்னாங்க."

மச்சினர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் கேட்டுவிட்டார். "அத்தான், அந்தக் காணிக்கைப் பாட்டுல எறங்குவியளே. அந்த நாலு நோட்டு எங்க போச்சு?"

"உன் வீட்டுல இருக்கும், பாரு. பெட்டியத் தெறந்து பாரு," என்றார் நண்பர்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வா, சோறு ஆறிரும்," என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது. தேய்ந்த நெக்கை அத்தானுடைய கறுப்பிலேயே திரும்ப மாட்ட வேண்டும் என்று மச்சினர் வெள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் போய்ச் சேரும்போது சண்டை நடந்துகொண்டிருந்தது.

"எனக்கு வேண்டாம்லே. என் நெக்கு என்கிட்ட இருக்கு. பிச்சையா போடுத?"

"பிச்சையா? எந்த நெக்கு உங்களுக்குள்ளது? தெனமும் மாத்தி மாத்தி மாட்டுன நமக்கு என் நெக்கு, உங்க நெக்குன்னு உண்டா? பென்சில்ல ஜப்பான்காரன் எழுதுனா ஆச்சா?"

"அப்போ பெங்களூர்க்காரன்?"

"அவன் வேற வெள்ளை பாத்துக்கிடட்டு."

"நல்ல காரியம் பாத்துக்க. நாளைக்கு இவ சொல்லுவா, என் தம்பி உங்களுக்காக நஷ்டப்பட்டான்னு."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் மனைவி சமையலறையிலிருந்து. "அத ரெண்டையும் மேசையில இருந்து எடுத்தாப் போரும். சாப்பாடு வைக்கணும்."

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், தீர்ப்புச் சொல்ல. எது சரி என்று நான் சொல்ல வேண்டுமாம். ஒரு சேகரிப்பாளனாக எனக்கு 43-இல் 43 இருக்க வேண்டும். பிரிந்த ஜோடி சேர்ந்திருப்பதைத் திரும்பப் பிரிப்பது, என் வட்டாரத்தில் யாரும் செய்யாத காரியம். அந்த ஜோடி ஜோடியே இல்லை என்று ஒருவர் எழுதியதையும் படித்திருக்கிறேன். கறுப்பின் குரல் நன்றாகியிருக்கிறது என்று ஒரு நாள் நினைத்தேன், மறுநாள் நினைக்கவில்லை. பாட்டுக்குழுப் பெண்ணுக்கு நேற்றைய வாசிப்புத்தான் பிடித்திருக்கிறது. இதில் எந்த ஆதாரத்தை மேலே வைப்பது? மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியவில்லை," என்றேன்.

"பேப்பர்காரர் வாயில இருந்து இது வந்தா அப்புறம் என்ன," என்றார் நண்பர். ஆனால் அதற்குள் மச்சினர் கறுப்பைத் திருப்பிப் போட்டு முதல் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தார். நண்பர் தடுக்கவில்லை. வெள்ளையிலிருந்து தேய்ந்த நெக்கும் மேஜைக்கு வந்ததும், நண்பர் அதை எடுத்து, பெருவிரலை அதன் முதுகில் மேலும் கீழும் ஒரு தடவை ஓட்டிவிட்டு, கறுப்பின் குழியில் வைத்து அழுத்திப் பிடித்தார். மச்சினர் முடுக்கினார். சாப்பாட்டுக்குப் பிறகு பெங்களூர்க்காரருக்கு நான்தான் செய்தி அனுப்பினேன். நெக் வேறு, உடல் வேறு என்று. சரி, நன்றி என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த 43 நெக் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று இன்னொன்று வந்தது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினர் என்னை வீட்டிலிருந்தே காரில் ஏற்றிக்கொண்டு போனார். பழவங்காடியில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, பாதி ஆராதனைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். காணிக்கைப் பாட்டு அதற்குப் பிறகுதான் என்பதால் பாதகமில்லை. பின் பெஞ்சில் இடமில்லாமல் தூண் ஓரத்தில் நின்றோம். நண்பர் கறுப்பை மடியில் வைத்துக்கொண்டு, முந்திய வாரத்தைவிடத் தளர்வாக உட்கார்ந்திருந்தார். இடது கை நெக்கில் தடையில்லாமல் நகர்ந்தது. இவ்வளவு தூரத்திலிருந்தே அது தெரிந்தது.

பல்லவி முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதல் ஸ்வரம் விழுந்தது. பிறகு கீபோர்டின் இடது கையும், காணிக்கைத் தட்டில் சில்லறையும், யாரோ ஒரு குழந்தையின் இருமலும் கேட்டன. சரணம் தொடங்கியது. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூன்றாம் தடவை அவர் விரல்களைப் பார்த்தேன். பாடகர்களில் ஒருவர் நடுவில் நின்றதால் மணிக்கட்டு மட்டும்தான் தெரிந்தது.

"போட்டாரா?" என்று கேட்டேன் மச்சினரிடம்.

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

வாசலில் நண்பர் முகம் மலர்ந்திருந்தது. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நன்றாக இருந்தது," என்றேன். "அந்த இறங்கும் இடம் மட்டும்…"

"போட்டேனே," என்றார். "மூணு தடவையும் போட்டேன். கேக்கலியா ஓய் உமக்கு?"

அவர் கண்ணில் விளையாட்டு இருக்கிறதா என்று தேடினேன். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினர் முன்னால் வந்து அவர் தோளில் கை போட்டார்.

"எனக்குக் கேட்டுச்சு அத்தான்," என்றார். "நல்லாக் கேட்டுச்சு. சாருக்கு அந்தத் தூணு மறைச்சிருக்கும். வாங்க, வண்டிய அந்தப் பக்கம் போட்டிருக்கேன்."